ஃபயர்வால ஆஃப் பண்ணாண்டாம், பாக்கெட் எங்க நிக்குதுன்னு பாருங்க

மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம்னு எங்க பக்கம் இப்பம் நெறைய கடையில லினக்ஸ் கம்ப்யூட்டர்தான் ஓடுது. லைசென்சுக்கு காசு குடுக்காண்டாம், பழைய மெஷின்லயும் ஓடும், அதனால போட்டுக்கிட்டாங்க, நல்ல விஷயம்தான். ஆனா ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் கனெக்ட் ஆகலன்னு கூப்பிட்டா சர்வீசுக்கு வர்ற ஆளு மொத வேலையா ஃபயர்வால (மெஷினுக்குள்ள எத விடணும், எத தடுக்கணும்னு பாக்குற காவல்) ஆஃப் பண்ணிப் பாக்குறாரு, கனெக்ட் ஆயிடுச்சுன்னா அப்படியே விட்டுட்டு பைக்க எடுத்துட்டு கெளம்பிடுறாரு. ஆகலன்னா இன்னும் மோசம், வேற எதையாவது நோண்டப் போயிடுவாரு, ஃபயர்வால திரும்ப ஆன் பண்ணணும்ங்குற ஞாபகமே இருக்காது. எனக்கு இது உண்மையிலேயே கவலையா இருக்கு. அந்த மெஷின்லதான் கடைக்கு வர்றவங்க பேரு, போன் நம்பர், பேங்க் அக்கவுண்ட், யாரு எவ்வளவு தரணும்ங்குற கணக்கு மொத்தமும் கெடக்கு.

ஆஃப் பண்ணிப் பாக்குறது ஒரு டெஸ்டுதானேன்னு கேப்பீங்க. டெஸ்டாவே வச்சாலும் அதுல கெடைக்குற தகவல் ரொம்பக் கம்மி. ஃபயர்வால்தான் காரணம்னு தெரியும், எந்த ரூல், எந்த போர்ட் (மெஷினுக்குள்ள ஒரு ப்ரோக்ராமுக்கு போற வாசல் நம்பர்), எந்த ஐபி (மெஷினோட நெட்வொர்க் அட்ரஸ்), ஒண்ணும் தெரியாது. அதவிட நேரா ஒரு கேள்வி இருக்கு, இங்கருந்து கெளம்புன பாக்கெட் (நெட்வொர்க்ல போற தகவல் துண்டு) எந்த எடத்துல நின்னுச்சு? அந்த எடத்தக் கண்டுபிடிக்கறதுக்கு தேவையான எல்லாமே லினக்ஸ்லயே இருக்கு, பாதி நேரம் எரர் மெசேஜே சொல்லிடும். நான் பாத்த சில வேலைய வச்சே எழுதுறேன், அப்பதான் எதுக்கு எது பாக்கணும்னு மனசுல நிக்கும்.

குலசேகரம் பக்கத்துல ஒரு ரப்பர் கடை. ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்குற எடம். பின்னால ரூம்ல ஒரு உபுண்டு மெஷின், அதுதான் சர்வர், அதுல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், முன்னால தராசு பக்கத்துல மின்ட் போட்ட ஒரு கம்ப்யூட்டர் (உபுண்டு, மின்ட் ரெண்டும் லினக்ஸ் வகைதான்). ஷீட்ட எடை போட்டு கிரேடும் எடையும் முன்னால அடிச்சா பின்னால டேட்டாபேஸ்ல ஏறும், பில்லு வரும். மழை சீசன்ல இடி விழுந்து ரவுட்டர் போயிடுச்சு (மலைக்கு பக்கத்துல இருக்கவங்களுக்கு இது தெரியும், ஒவ்வொரு மழைக்கும் நாலு வீட்டுல ரவுட்டர் அவுட்). புது ரவுட்டர் போட்ட பையன் கெட்டிக்காரன்தான், பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில ஐபி குடுத்துச்சு, புதுசு 192.168.0 வரிசை, அதக் கவனிச்சு சர்வர் ஐபிய மாத்தி, முன்னால இருக்க பில்லிங் சாஃப்ட்வேர்லயும் புது ஐபியப் போட்டுட்டான். பிங் (அந்த மெஷின் இருக்கான்னு கேட்டுப் பாக்குற கமாண்ட்) அடிச்சா பதில் வருது. சர்வர்லயே உக்காந்து டேட்டாபேஸ்குள்ள போனா நல்லா போகுது. முன்னால மட்டும் பில்லு ஏற மாட்டேங்குது, ரொம்ப நேரம் சுத்திட்டு டைம்ட் அவுட்னு வருது. மழை விட்ட மறுநாள், ஷீட்டு எடுத்துட்டு வந்தவங்க எல்லாம் வாசல்ல நிக்காங்க, அண்ணாச்சி பேப்பர்ல எழுதிட்டு இருந்தாரு.

"மக்களே, அந்த ஃபயர்வால் சாதனத்த ஆஃப் பண்ணுனா சரியாவும்னு சொன்னானுவ, நீ அத ஆஃப் பண்ணி விடு, ஆளு நிக்கு பாத்தியா"ன்னாரு.

"அண்ணாச்சி, ஆஃப் பண்ணாண்டாம், ஒரு பத்து நிமிஷம் தாங்க, எங்க நிக்குதுன்னு பாத்துருவோம்"னேன்.

இந்த எடத்துல ரெண்டு விஷயம் ஆளுங்கள ஏமாத்துது, அதச் சொல்லியே ஆகணும். மொதல்ல பிங். பிங் போகுதுன்னா நெட்வொர்க் சரி, கேபிள் சரி, ஐபி சரி, அவ்வளவுதான். பிங்குக்கு போர்ட்டே கெடையாது, அது ஐசிஎம்பிங்குற வேற வகை, போஸ்ட்கிரெஸ் பேசுறது டிசிபிங்குற வகையில, போர்ட் 5432. உபுண்டுல இருக்க ஃபயர்வால் யூஎஃப்டபிள்யூ (ufw), அது ஆன்ல இருந்தாலும் பிங்க அது வழக்கமா விட்டுரும், அதனால பிங் போறத வச்சு ஃபயர்வால் தடுக்கலன்னு முடிவு பண்ணவே கூடாது. ரெண்டாவது, சர்வர்லயே உக்காந்து டெஸ்ட் பண்றது. அங்க பாக்கெட் லூப்பேக்ங்குற இன்டர்ஃபேஸ் (மெஷின் தனக்குத்தானே பேசுற நெட்வொர்க் இணைப்பு) வழியா உள்ளுக்குள்ளயே சுத்திட்டு வந்துரும், அந்த இன்டர்ஃபேஸ ஃபயர்வால் ஒண்ணும் பண்றதில்ல. அதனால டெஸ்ட் எப்பவும் எந்த மெஷின்ல பிரச்சனையோ அந்த மெஷின்ல இருந்து பண்ணணும். என்சின்னு (nc) ஒரு சின்ன கமாண்ட், அதுல இசட், வி ரெண்டு ஆப்ஷனும் (-zv) போட்டு சர்வர் ஐபியும் போர்ட் நம்பரும் குடுத்தா போதும், போர்ட் தொறந்திருக்கா இல்லையான்னு சொல்லிடும். முன்னால விண்டோஸ் இருந்தா பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் இருக்கு, அதுவும் இதே வேலைதான்.

அப்புறம் எரர். இதுல மூணு விதம் வரும், மூணுக்கும் அர்த்தம் வேற வேற, இத மட்டும் ஒழுங்கா படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ஒரு வீட்டு முன்ன நின்னு கூப்பிடுறோம்னு வைங்க, உள்ள இருந்து "இங்க அப்படி யாரும் இல்ல, போங்க"ன்னு சத்தம் வந்தா அது கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட். சத்தமே இல்லாம நாம நின்னுட்டே இருந்தா அது டைம்ட் அவுட். ரெஃப்யூஸ்ட்னா பாக்கெட் அந்த மெஷின் வரைக்கும் போயிருக்கு, அந்த மெஷின் ரீசெட்னு ஒரு மறுப்பு பதில் அனுப்பிருக்கு, பெரும்பாலும் அந்த போர்ட்ல எந்த ப்ரோக்ராமும் கேட்டுட்டு இல்லன்னு அர்த்தம், அங்க போயி ஃபயர்வால நோண்டுறது வீண் வேலை (யூஎஃப்டபிள்யூல டினைக்கு பதிலா ரிஜெக்ட்னு ரூல் போட்டிருந்தாலும் இதே ரெஃப்யூஸ்ட் வரும், அது ஒரு விதிவிலக்கு). டைம்ட் அவுட்னா பாக்கெட்ட யாரோ சத்தமில்லாம தூரப் போட்டுட்டாங்க, ஃபயர்வால் மேல சந்தேகப்பட வேண்டிய எடம் இதுதான். லினக்ஸ் மொத பாக்கெட்டுக்கு பதில் வரலன்னா ஒடனே விடாது, திரும்பத் திரும்ப அனுப்பும், போகப் போக நேரத்த கூட்டிக் கூட்டி, கடைசில கைய விரிக்கும்போது ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆயிருக்கும். அந்த "சுத்திட்டே இருக்கு"ங்குறது இதுதான். மூணாவது நோ ரூட் டு ஹோஸ்ட், இத பாத்ததும் எல்லாரும் கேபிளப் புடுங்கிப் பாப்பாங்க. ஃபெடோரா, அல்மாலினக்ஸ் மாதிரி லினக்ஸ்ல யூஎஃப்டபிள்யூக்கு பதிலா ஃபயர்வால்டின்னு (firewalld) ஒரு ஃபயர்வால் ஓடும், அந்த மாதிரி மெஷினுக்கு கனெக்ட் பண்ணும்போது இது வந்துச்சுன்னா, அதுவும் பிங் போகும்போது வந்துச்சுன்னா, பெரும்பாலும் ஃபயர்வால்டிதான், ஏன்னா அது பாக்கெட்ட தூரப் போடாம "அனுமதி இல்ல"ன்னு ஒரு ஐசிஎம்பி பதில் அனுப்புது, அத நம்ம மெஷின் நோ ரூட் டு ஹோஸ்ட்னு காட்டுது.

குலசேகரத்துல வந்தது டைம்ட் அவுட். இருந்தாலும் ஃபயர்வாலுக்கு போறதுக்கு முன்னால போஸ்ட்கிரெஸ் எந்த அட்ரஸ்ல கேட்டுட்டு இருக்குன்னு ஒரு தடவ பாக்கணும். எஸ்எஸ்னு ஒரு கமாண்ட், அதோட டி, எல், என், பி நாலு எழுத்தையும் சேத்து சூடோவோட (அட்மின் உரிமையோட) போடுங்க, அதாவது sudo ss -tlnp. 'டி'ன்னா டிசிபி, 'எல்'னா கேட்டுட்டு இருக்குறத மட்டும் காட்டு, 'என்'னா பேரா மாத்தாம நம்பராவே காட்டு, 'பி'ன்னா எந்த ப்ராசஸ்னு சொல்லு. வர்ற வரியில 127.0.0.1:5432னு இருந்தா அந்த ப்ரோக்ராம் அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் பேசும், வெளிய இருந்து ஃபயர்வால எத்தன தடவ ஆஃப் பண்ணுனாலும் ரெஃப்யூஸ்ட்தான் வரும். போஸ்ட்கிரெஸ் இன்ஸ்டால் பண்ணுன ஒடனே இப்படித்தான் இருக்கும், உபுண்டுல மரியாடிபியும் அப்படித்தான், பாதுகாப்புக்காக வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. 0.0.0.0:5432னு இருந்தா எல்லா இன்டர்ஃபேஸ்லயும் கேக்குது. இந்தக் கடையில 0.0.0.0தான் இருந்துச்சு, அப்பம் ப்ரோக்ராம் மேல குத்தம் இல்ல.

இப்பம் ஃபயர்வால். யூஎஃப்டபிள்யூல ஸ்டேட்டஸ் நம்பர்டுன்னு போட்டா ரூல் எல்லாம் வரிசை நம்பரோட வரும். அங்க பாத்தா வெஷயம் தெளிவாயிடுச்சு, 5432 போர்ட்டுக்கு 192.168.1.0/24ல (192.168.1ன்னு ஆரம்பிக்குற எல்லா ஐபியும்) இருந்து வந்தா விடுன்னு ரூல் இருக்கு. யாரோ ஒருத்தர் ரொம்ப ஒழுங்கா, கடைக்குள்ள இருக்க நெட்வொர்க்குக்கு மட்டும்னு பாத்து எழுதிருக்காரு, எனக்கு அத பாத்து மனசு நெறஞ்சுது. ரவுட்டர் மாறுனதும் நெட்வொர்க் 192.168.0 ஆயிடுச்சு, ரூல் பழைய வரிசையிலயே நிக்குது, ஃபயர்வால் தன் வேலைய சரியாத்தான் பாத்திருக்கு. சந்தேகம் இல்லாம இருக்கட்டும்னு லாகையும் பாத்தேன், வார் லாக் (/var/log) ஃபோல்டர்ல யூஎஃப்டபிள்யூ.லாக்னு ஃபைல் இருக்கும், இல்லேன்னா ஜர்னல்சிடிஎல்ல கே ஆப்ஷன் போட்டா கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) லாக்ல வரும். ஒரு வரி எடுத்துப் பாத்தா யூஎஃப்டபிள்யூ பிளாக்னு ஆரம்பிச்சு, எஸ்ஆர்சி 192.168.0.105, டிபிடி 5432, கடைசில சின் (SYN)னு இருக்கு. எஸ்ஆர்சின்னா எங்கருந்து வந்துச்சு, டிபிடின்னா எந்த போர்ட்டுக்கு, சின்ங்குறது கனெக்ட் பண்ணக் கேக்குற மொத பாக்கெட். முன்னால இருக்க கம்ப்யூட்டரோட ஐபிதான் அது. இந்த லாக் தடுத்த எல்லா பாக்கெட்டையும் எழுதாது, ரொம்ப வந்தா கொஞ்சம்தான் எழுதும், டிஸ்க் ரொம்பிடக் கூடாதுல்ல, அதனால லாக்ல வரலன்னா தடுக்கலன்னு எடுத்துக்காதீங்க.

பழைய ரூல எடுத்துட்டு 192.168.0.0/24க்கு புது ரூல் போட்டேன். ஒரு விஷயம் கவனிக்கணும், யூஎஃப்டபிள்யூ மேல இருந்து கீழ படிச்சுட்டு வரும், மொதல்ல எது பொருந்துதோ அதோட நிறுத்திடும். 5432ஐ யாருக்கும் விடாதேன்னு மேல ஒரு ரூல் இருந்தா கீழ நீங்க எத்தன அலோ சேத்தாலும் பிரயோஜனம் இல்ல, இன்சர்ட் 1ன்னு குடுத்து மேல ஏத்தணும். வெறுமனே அலோ 5432ன்னு போடுறவங்க நெறைய, அது எங்கருந்து வந்தாலும் விட்டுரும், ஐபிவி6லயும் (ஐபி அட்ரஸோட புது வகை) சேத்து விட்டுரும். கடைக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் பேசுறதுக்கு ஊரு மொத்தத்துக்கும் தொறந்து விடணுமா?

ரூல் போட்டதும் பில்லு ஏறல, ஆனா எரர் மாறிடுச்சு. சுத்தல, ஒடனே வந்துச்சு, பிஜி_எச்பிஏ.கான்ஃப்ல (யாரு எங்கருந்து உள்ள வரலாம்னு போஸ்ட்கிரெஸ் வச்சிருக்க ஃபைல்) இந்த ஹோஸ்டுக்கு என்ட்ரி இல்லன்னு. அண்ணாச்சி முகம் வாடிருச்சு, எனக்கு சந்தோஷம், ஏன்னா பாக்கெட் இப்பம் ஃபயர்வாலத் தாண்டி போஸ்ட்கிரெஸ் கிட்டயே போயிடுச்சு, பதில் சொல்றது போஸ்ட்கிரெஸ்தான். அந்த ஃபைல்லயும் பழைய 192.168.1.0/24தான் எழுதிருந்துச்சு, மாத்தி ரீலோட் குடுத்ததும் பில்லு வந்துருச்சு (இந்த ஃபைலுக்கு ரீலோட் போதும், லிசன் அட்ரஸ் மாத்துனாத்தான் ரீஸ்டார்ட் வேணும்). எரர் மாறுறத தோல்வின்னு நெனைக்கக் கூடாது, ஒரு தடை தாண்டி அடுத்த தடைக்கு வந்திருக்கோம்னு அர்த்தம். இதுவே ஃபயர்வால ஆஃப் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்? அப்பவும் பில்லு ஏறாது, ஃபயர்வால் காரணம் இல்லன்னு முடிவு பண்ணி, அத ஆஃப்லயே விட்டுட்டு, டேட்டாபேஸ திரும்ப இன்ஸ்டால் பண்ற அளவுக்கு கூட போயிருப்பாங்க.

லாக்லயும் ஒண்ணும் தெரியலன்னா டிசிபிடம்ப், மெஷினுக்கு வர்ற போற பாக்கெட்ட அப்படியே காட்டுற கமாண்ட். சர்வர்ல இன்டர்ஃபேஸ் எனி (any)ன்னும் போர்ட் 5432ன்னும் குடுத்து ஓட விட்டுட்டு முன்னால இருந்து ஒரு தடவ கனெக்ட் பண்ணச் சொல்லுங்க. இதோட அருமை என்னன்னா உள்ள வர்ற பாக்கெட்ட ஃபயர்வால் பாக்குறதுக்கு முன்னாலயே இது பாத்துடும். சின் பாக்கெட் வருது, திரும்பத் திரும்ப வருது, நம்ம பக்கத்துல இருந்து பதில் போகலன்னா தடுக்குறது இந்த மெஷின்தான். சின்னே வரலன்னா பிரச்சனை வழியில, இந்த மெஷின்ல ரூல நோண்டுறது வீணு. சில ரவுட்டர்ல வைஃபைல இருக்குறவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காத மாதிரி ஐசொலேஷன் ஆன்ல இருக்கும், கெஸ்ட் வைஃபைல பெரும்பாலும் அப்படித்தான், அந்த மாதிரி நேரத்துல டிசிபிடம்ப் ஒரே நிமிஷத்துல சொல்லிடும்.

நாகர்கோவில்ல ஒரு பிரஸ்ல வேற கதை. அல்மாலினக்ஸ் மெஷின்ல டிசைன் ஃபைல் எல்லாம் சாம்பா ஷேர்ல (நெட்வொர்க் வழியா மத்த கம்ப்யூட்டரும் எடுக்குற ஃபோல்டர்) இருக்கு. "கரண்ட் போயிட்டு வந்தா ஃபைல் வர மாட்டேங்கு தம்பி"ன்னு அங்க வேலை பாக்குற அக்கா சொன்னாங்க. யூபிஎஸ் மேல பழி போட்டு பேட்டரி எல்லாம் மாத்திட்டாங்க. ஃபயர்வால்டி தெரிஞ்சவங்களுக்கு கேட்ட ஒடனே புரிஞ்சிருக்கும். ஃபயர்வால்டில ரன்டைம், பெர்மனென்ட்னு ரெண்டு இருக்கு. சாதாரணமா ஃபயர்வால்-சிஎம்டில ஆட்-சர்வீஸ் சாம்பான்னு போட்டா அது இப்பம் ஓடுறதுக்கு மட்டும்தான், மெஷின் ரீஸ்டார்ட் ஆனா போயிடும். பெர்மனென்ட்னு சேத்து போட்டா அது ஃபைல்ல மட்டும் எழுதும், ரீலோட் குடுக்குற வரைக்கும் இப்பம் வேலை செய்யாது. யாரு வந்து சரி பண்ணுனாலும் ரன்டைம்ல மட்டும் போட்டுட்டு போயிருக்காங்க, ஒவ்வொரு தடவ கரண்ட் போகும்போதும் ரூலும் சேந்து போயிருக்கு. இதுக்கு சுலபமான வழி, ரன்டைம்ல போட்டு டெஸ்ட் பண்ணிட்டு, சரியா ஓடுதுன்னா ரன்டைம்-டு-பெர்மனென்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதக் குடுத்தா அப்படியே சேவ் ஆயிடும். டெஸ்ட் பண்ணி முடிச்சப்புறம் மெஷின ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுதான் எடத்த விட்டு எழும்பணும்.

ஃபயர்வால்டில இன்னொண்ணு ஜோன், அதாவது ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் பொருந்துற ரூல் தொகுப்பு. ரூல் இருக்கும், ஆனா அது இருக்குறது ஹோம் ஜோன்ல, கார்டு மாட்டிருக்குறது பப்ளிக் ஜோன்ல. கெட்-ஆக்டிவ்-ஜோன்ஸ்னு கேட்டா எந்த இன்டர்ஃபேஸ் எந்த ஜோன்ல இருக்குன்னு சொல்லும். லேன் கார்டு கெட்டுப் போயி யூஎஸ்பி அடாப்டர் போட்டாங்கன்னா பேரு மாறி டிஃபால்ட் ஜோனுக்கு போயிடும், ரூல் பழைய ஜோன்லயே அநாதையா கெடக்கும். எஸ்இலினக்ஸ் (எந்த ப்ரோக்ராம் எதத் தொடலாம்னு கட்டுப்படுத்துற தனி பாதுகாப்பு) பத்தியும் ஒரு வார்த்தை, இந்த வகை மெஷின்ல போர்ட் தொறந்திருந்தும் ப்ரோக்ராம் அந்த போர்ட்ல ஸ்டார்ட்டே ஆகல, இல்ல ஷேர் தெரியுது ஆனா பெர்மிஷன் டினைட்னு வருதுன்னா ஃபயர்வாலுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல, ஆடிட் லாகப் பாருங்க. அதையும் மொத்தமா ஆஃப் பண்ணச் சொல்ற வீடியோ நெறைய இருக்கு, அதையும் கேக்காதீங்க.

இதுவரைக்கும் சொன்னது தொறக்க வேண்டியது தொறக்கலங்குற பிரச்சனை. தலைகீழா ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப பயமா தெரியுது. திங்கள்சந்தை பக்கம் ஒரு டியூஷன் சென்டர், மாணவர் விவரம் எல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர்ல டாக்கர்ல (ப்ரோக்ராம கன்டெய்னர்னு ஒரு தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடுது. யூஎஃப்டபிள்யூ ஆன்ல இருக்கு, 22ம் (எஸ்எஸ்எச், தூரத்துல இருந்து லாகின் ஆகுறது) 443ம் (வெப்சைட்) மட்டும் தொறந்திருக்கு, ஸ்டேட்டஸ் பாத்தா அவ்வளவு சுத்தம். ஆனா மொபைல் டேட்டால இருந்து 8080க்கு போனா டேட்டாபேஸ பாக்குற பேஜ் ஜம்முனு தொறக்குது! காரணம், டாக்கர்ல போர்ட் பப்ளிஷ் பண்ணுனா (வெளிய தெரியுற மாதிரி தொறந்தா) அது தானா நேட் ரூல் (அட்ரஸ மாத்தி விடுற ரூல்) எழுதிடும், வர்ற பாக்கெட்டோட அட்ரஸ் மாறி கன்டெய்னருக்கு போகும்போது அது ஃபார்வர்ட் செயின் (கடந்து போற பாக்கெட்டுக்கான ரூல் வரிசை) வழியா போயிடுது, யூஎஃப்டபிள்யூல நாம போடுற சாதாரண ரூல் எல்லாம் இன்புட் செயின்ல (மெஷினுக்கே வர்ற பாக்கெட்டுக்கானது), அந்தப் பக்கமே பாக்கெட் வராது. ஸ்டேட்டஸ்ல ஒண்ணும் தெரியாது. சுலபமான தீர்வு, பப்ளிஷ் பண்ணும்போது 8080:80னு குடுக்காம 127.0.0.1:8080:80னு குடுக்குறது, அப்பம் அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் தெரியும், வெளிய காட்ட வேண்டியத என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) வழியா 443ல காட்டிக்கலாம். கட்டாயம் வடிகட்டித்தான் விடணும்னா டாக்கர்-யூசர்னு ஒரு செயின் இருக்கு, அதுல எழுதுங்க, ஆனா அங்க வர்றப்போ போர்ட் நம்பர் ஏற்கனவே மாறி கன்டெய்னரோட 80 ஆயிருக்கும், 8080ன்னு எழுதுனா பொருந்தாது. பிள்ளைங்களோட பேரு, அப்பா போன் நம்பர், வீட்டு அட்ரஸ் இருக்குற எடம் இது, அதனால சர்வர் வச்சிருக்க எல்லாரும் ஒரு தடவ வெளிய இருந்து, வேற நெட்ல இருந்து, என்மேப் (எந்த போர்ட் தொறந்திருக்குன்னு சொல்ற கமாண்ட்) ஓட்டிப் பாருங்க. சர்வர்ல உக்காந்து ஸ்டேட்டஸ் படிக்குறத மட்டும் நம்பாண்டாம்.

நெட்ல தேடுனா ஒருத்தர் ஐபிடேபிள்ஸ்ங்காரு, ஒருத்தர் என்எஃப்டிங்காரு, ஒருத்தர் யூஎஃப்டபிள்யூங்காரு, புதுசா வர்றவங்களுக்கு தல சுத்தும். உள்ள ஓடுறது ஒண்ணுதான், கெர்னல்ல இருக்க நெட்ஃபில்டர். ரஸ்டி ரசல் 1998ல ஆரம்பிச்சது. 2001ல கெர்னல் 2.4 வந்தப்போ ஐபிடேபிள்ஸ் வந்துச்சு, 2014ல கெர்னல் 3.13ல என்எஃப்டேபிள்ஸ் சேந்துச்சு. யூஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி எல்லாம் மேல இருந்து ரூல் எழுதித் தர்ற ஆளுங்கதான். 2019ல வந்த டெபியன் 10ல இருந்து ஐபிடேபிள்ஸ்னு நீங்க அடிச்சாலும் உள்ள என்எஃப்டேபிள்ஸாதான் போகுது. இதனால நடைமுறையில வர்ற தொல்லை, ஒரே மெஷின்ல யூஎஃப்டபிள்யூவும் ஃபயர்வால்டியும் ரெண்டும் ஓடிட்டு இருக்கும், ஒருத்தர் விடுன்னு எழுத இன்னொருத்தர் தடுன்னு எழுதிருப்பாரு. எதாவது ஒண்ணு மட்டும் வைங்க. ரூல் எல்லாம் சரியா இருந்தும் புடிபடலன்னா என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்னு போட்டு கெர்னல்ல உண்மையிலேயே என்ன இருக்குன்னு பாருங்க, இல்ல ஐபிடேபிள்ஸ்ல எல், என், வி போட்டு பாருங்க, ஒவ்வொரு ரூலுக்கும் முன்னால எத்தன பாக்கெட் அதுல பட்டுச்சுன்னு எண்ணிக்கை வரும். முன்னால இருந்து ஒரு தடவ கனெக்ட் பண்ணிட்டு திரும்பப் பாத்தா எந்த வரியில எண்ணிக்கை கூடிருக்கோ அங்கதான் நின்னுருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இது.

அடுத்தது வெளிநாட்டுல ஆளு இருக்க வீடுங்க, நம்ம மாவட்டத்துல அது தெருவுக்கு பாதி வீடு. கருங்கல்ல ஒரு வீட்டுல அப்பா வச்சிருக்க லினக்ஸ் மெஷின்ல குடும்ப போட்டோவும் கேமரா ரெக்கார்டிங்கும் கெடக்கு, குவைத்ல இருக்க மகன் அத பாக்கணும். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் (வெளிய இருந்து வர்றத வீட்டு மெஷினுக்கு அனுப்புற செட்டிங்) போட்டாச்சு, ஃபயர்வால்ல ரூலும் போட்டாச்சு, டைம்ட் அவுட்தான். டிசிபிடம்ப்ல ஒரு சின் கூட வரல, அப்பவே தெரிஞ்சு போச்சு வீட்டு மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு. ரவுட்டர் பேஜ்ல வான் ஐபி (ரவுட்டரோட வெளிப்பக்க ஐபி) என்னன்னு பாத்தா 100.72ன்னு ஆரம்பிக்குது. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் இருக்குற ஐபி எல்லாம் இன்டர்நெட் கம்பெனிங்க உள்ளுக்குள்ள பயன்படுத்துறதுக்குன்னே 2012ல ஒதுக்குனது, பொது ஐபி கெடையாது. பல வீட்டுக்கு சேத்து ஒரே பொது ஐபிய கம்பெனி பக்கத்துலயே நேட் பண்றாங்க, வெளிய இருந்து வர்ற கனெக்‌ஷனுக்கு உங்க ரவுட்டர் வரைக்கும் வர வழியே இல்ல. இங்க ஃபயர்வால என்ன பண்ணியும் ஆகாது. ஒண்ணு கம்பெனி கிட்ட ஸ்டாடிக் ஐபி கேட்டு வாங்கணும், இல்ல ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து வீட்டு மெஷின்ல இருந்து வயர்கார்ட் (ரெண்டு மெஷினுக்கு நடுவுல தனி வழி போடுற விபிஎன்) போட்டு வெளிய போயி சேத்துக்கணும். அந்த வீட்டுக்கு வயர்கார்ட்தான் போட்டோம். அது டிசிபி இல்ல, யூடிபிங்குற வேற வகை, போர்ட் வழக்கமா 51820. யூடிபில ரெஃப்யூஸ்ட், டைம்ட் அவுட் கணக்கு எல்லாம் அவ்வளவு ஒதவாது, வயர்கார்ட் கீ தப்பா இருந்தா பதிலே சொல்லாது, அதனால என்மேப்ல ஓபன் இல்லேன்னா ஃபில்டர்ட்னு குழப்பமாத்தான் வரும். டபிள்யூஜி ஷோன்னு போட்டு லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்னு ஒரு வரி வருதான்னு பாருங்க, அது வந்தா வழி சரி, வரலன்னா டிசிபிடம்ப்ல யூடிபி 51820 பாக்கெட் விபிஎஸ்குள்ள வருதான்னு பாருங்க. விபிஎஸ் எடுத்தா இன்னொண்ணும் இருக்கு, மெஷினுக்குள்ள இருக்க ஃபயர்வால் போக விபிஎஸ் குடுக்குற கம்பெனியோட வெப்சைட்ல தனியா ஒரு ஃபயர்வால் இருக்கலாம், ரெண்டுலயும் தொறக்கணும்.

இப்பம் பல பிராட்பேண்ட்ல ஐபிவி6 வருது, ஒவ்வொரு மெஷினுக்கும் நேரா பொது அட்ரஸ். நேட்டுக்கு பின்னாலதானே இருக்கோம்ங்குற தைரியம் அங்க செல்லாது, ரவுட்டர் உள்ள வர்றத தடுக்கலன்னா உங்க மெஷின்ல இருக்க ஃபயர்வால்தான் கடைசி. டிஃபால்ட் ஃபோல்டர்ல இருக்க யூஎஃப்டபிள்யூ செட்டிங் ஃபைல்ல (/etc/default/ufw) IPV6=yesன்னு இருக்கான்னு பாத்துக்குங்க.

கடைசியா, தூரத்துல இருக்க சர்வர்ல ஃபயர்வால் மாத்துறவங்களுக்கு. நாகர்கோவில்ல உக்காந்து மும்பைல இருக்க மெஷின்ல எஸ்எஸ்எச் வழியா யூஎஃப்டபிள்யூ எனேபிள்னு அடிக்கறதுக்கு முன்னால அலோ எஸ்எஸ்எச் போட்டாச்சான்னு பாருங்க, எஸ்எஸ்எச் போர்ட்ட 22ல இருந்து மாத்திருந்தா அந்த நம்பரப் போடணும். அதுக்கு மேல ஒரு பாதுகாப்பு, அட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல அஞ்சு நிமிஷம் கழிச்சு யூஎஃப்டபிள்யூ டிசேபிள் ஓடுற மாதிரி ஒரு வேலை போட்டு வச்சிட்டு அப்புறம் எனேபிள் பண்ணுங்க, வெளிய மாட்டிக்கிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல கதவு தொறந்துரும். ஏற்கனவே தொறந்திருக்க விண்டோ பெரும்பாலும் ஓடிட்டே இருக்கும், அது பழைய கனெக்‌ஷன்ங்கறதால ஃபயர்வால் விட்டுரும், அத நம்பி எல்லாம் சரின்னு மூடிடாதீங்க, புதுசா ஒரு விண்டோ தொறந்து லாகின் ஆகுதான்னு பாருங்க. ஆச்சுன்னா அட்ஆர்எம் போட்டு அந்த வேலைய மறக்காம அழிச்சிடணும், இல்லேன்னா அஞ்சாவது நிமிஷம் ஃபயர்வால் தானா ஆஃப் ஆயி அப்படியே கெடக்கும்.